மாசமாக இருந்தபோது வந்த சுகர் நாற்பதில் திரும்புமா? நீலகிரிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக இருப்பவள் நான். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குச் சுகர் என்று தெரிந்ததும் "அப்பா, அம்மாவுக்கு இருந்ததா?" என்று எல்லோரும் கேட்கிறோம். "மாசமாக இருந்தபோது இருந்ததா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுவிட்டால், கொஞ்சம் யோசித்து, "ஆமா சிஸ்டர், ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்போ எனக்கு இன்சுலின் ஊசி போட்டாங்க" என்பார்கள். டாக்டரிடம் சொல்லவேண்டிய முதல் தகவல் அதுதான். அடிக்கடி என்னிடம் வரும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

மாசமாக இருந்தபோது சுகர் இருந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது. இன்னும் எதற்கு டெஸ்ட்?

பெரும்பாலானவர்களுக்கு, நஞ்சு வெளியே வந்த சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்கிவிடும். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினை முழுசாக வேலை செய்ய விடுவதில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதைச் சமாளிக்க, தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்கவேண்டும். பலருக்குச் சுரந்துவிடும். சிலருக்கு முடியாது.

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நம் மலை ரயில் கல்லாறு வரை சமதளத்தில் சும்மா ஓடும். எஞ்சினின் பலம் தெரிவது கல்லாறு தாண்டி, பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும்போதுதான். கர்ப்பம் அப்படி ஓர் ஏற்றம். ஏறும்போது திணறிய கணையம், ஏற்றம் முடிந்தபின் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பலம் எவ்வளவு என்று உங்களுக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டது. வயது, எடை, அசையாத வாழ்க்கை எல்லாம் சேர்ந்து இன்னொரு ஏற்றமாக வரும்போது அது மறுபடி திணறலாம்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு (பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் சுகர்) வரும் வாய்ப்பு, அது வராதவர்களைவிட 7 மடங்குக்கும் மேல் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னும் பெரிய தொகுப்பு கிட்டத்தட்ட 10 மடங்கு என்றது. வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தமில்லை, கடைசிவரை வராதவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பெண்ணின் பிள்ளைப்பேற்று வரலாற்றில் இவ்வளவு பலமான எச்சரிக்கை வேறு எதுவும் இல்லை. கீழே வரும் மற்றவை எல்லாம் இதைவிடச் சின்னவைதான்.

பிரசவத்துக்கு அப்புறம் எப்போது டெஸ்ட் எடுப்பது? எந்த டெஸ்ட்?

ஆறு வாரம் கழித்து. குளுக்கோஸ் கரைசல் குடித்துப் பார்க்கும் அதே டெஸ்ட்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

மாசமாக இருக்கும்போது நம் ஊரில் செய்வது, சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. காலையில் வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் பஸ் ஏறி வர முடியாத பெண்களுக்கு இந்த முறை பெரிய உபகாரம். முதல் செக்கப்பில் ஒரு தடவை, அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

பிரசவத்துக்குப் பிந்தைய டெஸ்டுக்கு வெறும் வயிற்றில்தான் வரவேண்டும். முதலில் ஒரு ரத்தம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 வந்தாலே நீரிழிவுதான். இரண்டு மணி நேர அளவு 140-க்கும் 199-க்கும் நடுவில் நின்றால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள். அதற்குக் கீழே இருந்தால், வருடம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

குளுக்கோஸ் பொடி 300 மில்லி தண்ணீரில் கரையவேண்டும். ஜனவரி காலையில் நம் குழாய்த் தண்ணீரில் அது லேசில் கரையாது, டம்ளரின் அடியில் மண்டியாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் கேளுங்கள். மடமடவென்று குடித்தால் குமட்டும், ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடித்து முடியுங்கள். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்யவேண்டும். காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள், கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டாம். பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

இந்த டெஸ்ட்தான் அதிகம் தவறிப்போகிறது. காரணம் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். பிரசவம் முடிந்ததும் பெண் தாய்வீட்டில் இருப்பாள். புகுந்த வீடு எடப்பள்ளியில், தாய்வீடு கூடலூரில் என்றால் எடப்பள்ளி நர்ஸுக்கு அவள் கண்ணில் படமாட்டாள், கூடலூர் நர்ஸுக்கு அவளுக்குச் சுகர் இருந்ததே தெரியாது. பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, இரண்டு மணி நேரம் யார் உட்காருவது?

என் யோசனை இது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் பிள்ளையைக் கொண்டுவருவீர்கள். அதுவும் ஆறாவது வாரம்தான். எந்த ஊரில் ஊசி போட்டாலும் அன்று காலையில் சாப்பிடாமல் வந்து, "எனக்கும் சுகர் டெஸ்ட் இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். முந்தின நாளே நர்ஸுக்கு ஒரு போன் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

லேப்பில் "மூன்று மாத சர்க்கரை" பார்த்தோம், நார்மல் என்றார்கள். போதாதா?

எச்பிஏ1சி என்ற அந்த டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நம் மலையில் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாகவேண்டும்.

சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும் என்ற கணக்கில்தான் "மூன்று மாதம்" என்கிறோம். கணக்கு இடறினால் அளவும் இடறும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால், ரத்தம் ஏற்றியிருந்தால், உடம்பில் புதுச் சிவப்பணுக்கள்தான் அதிகம் ஓடும். சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நேரம் இருந்திருக்காது, அளவு குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் நேர்மாறாக, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே பிரசவம் ஆன புதிதில் எச்பிஏ1சி-யை மட்டும் நம்பி "நார்மல்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று அரிவாள் செல் நோய், சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் பழங்குடி மக்களிடம், பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இது உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி அமைப்பும், கோத்தகிரியில் உள்ள நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இதற்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்கின்றன. 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் இந்த நோய்க்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது. நோய் முழுசாக உள்ளவர்களின் சிவப்பணு சீக்கிரமே உடைந்துவிடும். அவர்களுக்கு எச்பிஏ1சி எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்கும் சில மிஷின்களில் அளவு தப்பாக வரலாம். அரிவாள் செல் பரிசோதனையில் தந்த மரபணு அட்டை வைத்திருப்பவர்கள் அதை லேப்பில் காட்டி, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேராக அளக்கும் டெஸ்டையே கேளுங்கள்.

எனக்குச் சுகர் இல்லை. பிரஷர் ஏறி, கால் வீங்கி, ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்தார்கள். இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கர்ப்பகாலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறியவர்கள், அது முற்றிச் சிறுநீரில் புரதம் போனவர்கள், ஜன்னி (வலிப்பு) கண்டவர்கள் ஆகியோருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இல்லாவிட்டாலும் பின்னால் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கனடாவில் லட்சக்கணக்கான பிரசவங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். குறைமாதப் பிரசவம் ஆனவர்களிடமும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஒன்றால் மற்றது வருகிறது என்பதைவிட, இரண்டுக்கும் வேர் ஒன்று என்று பார்ப்பதுதான் சரி. ரத்தக்குழாய்களின் உட்சுவரும் இன்சுலின் வேலை செய்யும் விதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உங்களுக்குச் சுகரைவிட முதலில் வருடாவருடம் பார்க்கவேண்டியது பிரஷர். அதைப் பார்க்கும்போதே விரலில் ஒரு துளி எடுத்துவிடலாம்.

நாலு கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றவர்களும் இந்த வரிசையில் சேருவார்கள். "நல்ல கொழுகொழுன்னு பொறந்தான்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பலருக்கும் டெஸ்டே எடுத்திருக்க மாட்டார்கள், கண்டுபிடிக்காத சர்க்கரையாக இருந்திருக்கலாம்.

இரண்டு முறை கரு கலைந்தது. அதனாலும் வருமா?

டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், கருச்சிதைவு ஆனவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு சற்று அதிகம் என்றும், சிதைவின் எண்ணிக்கை கூடக்கூட அதுவும் கூடுகிறது என்றும் தெரிந்தது. கரு கலைந்ததால் சுகர் வந்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. உங்கள் மருத்துவக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கட்டும், போதும். ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கவேண்டிய விஷயம் இல்லை.

தாய்ப்பால் கொடுத்தால் தாய்க்கும் சுகர் வராதாமே?

வராது என்று சத்தியம் செய்ய முடியாது, வாய்ப்பு குறைகிறது. அமெரிக்காவில் சுமார் 30 வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 12 மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்கு, கொடுக்காதவர்களைவிட நீரிழிவு கிட்டத்தட்ட பாதி அளவே வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலும் பால் கொடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. பால் சுரக்க உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் எடுத்துச் செலவழிக்கிறது, கணையத்துக்குச் சுமை குறைகிறது.

இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்குக் கொடுப்பதுதான் கஷ்டம். காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மேல் காட்டுக்கு ஏறினால், குழந்தை கீழே லைன் வீட்டில் பாட்டியிடம். மத்தியானத்துக்குள் பால் கட்டி, சட்டை நனைந்து, காய்ச்சல் கண்டு, "பால் வத்திப்போச்சு" என்று பவுடர் பாலுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்பது சட்டம். ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்கவேண்டும். இரண்டையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, மேஸ்திரி தரும் சலுகை இல்லை. முடியாத நாட்களில் கையால் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போகலாம். நம் குளிரில் சில மணி நேரம் கெடாது.

பால் சுரக்காதவர்கள், வேறு காரணத்தால் கொடுக்க முடியாதவர்கள் இதைப் படித்துவிட்டு மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். நடப்பதும் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் உங்களுக்கும் அதே பலனைத் தரும் வழிகள்.

எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றார், சுகர் வந்தது. நிறையப் பெற்றால் வருமா?

நாலு, ஐந்துக்கு மேல் பெற்றவர்களிடம் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். அதில் ஒரு பகுதி, ஒவ்வொரு பிரசவத்திலும் ஏறி இறங்காமல் நின்றுவிட்ட எடையால் வருவது. இன்றைக்கு இரண்டோடு நிறுத்திவிடும் நமக்கு இது பெரிய கேள்வி இல்லை.

நீர்க்கட்டி இருக்கிறது, மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது.

சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிரச்சினையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் ஒரு பங்கு. அதனால் கல்யாணத்துக்கு முன்பே, பிள்ளைப்பேறே இல்லாமலும், நீரிழிவு வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இருபது வயதை ஒட்டிய காலத்தில் மாதவிலக்குச் சுற்று 40 நாளைத் தாண்டியவர்களுக்குப் பின்னால் நீரிழிவு இரண்டு மடங்கு வந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல், இருபதுகளிலேயே ஒரு தடவை குளுக்கோஸ் டெஸ்ட் செய்துவிடுங்கள். மாசமானதும் முதல் செக்கப்பிலேயே நீர்க்கட்டி விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மகள் பத்து வயதிலேயே பெரியவளாகிவிட்டாள். பயப்படணுமா?

வேண்டாம். சீக்கிரம் வயசுக்கு வந்தவர்களிடம் பிற்கால நீரிழிவு சற்று அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு உடல் எடைதான். சடங்கு வைத்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுங்கள், நல்லது. பிறகு "வெளியில் போகாதே, விளையாடாதே" என்று வீட்டில் உட்கார வைப்பதைத்தான் நான் எதிர்ப்பேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். மாதவிலக்கும் நாற்பதிலேயே நின்றது.

நம் நாட்டில் மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51 வரை போகும். 40-க்கு முன்பே நின்றவர்களிடம் நீரிழிவு வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஆய்வு 2013-ல் சொன்னது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் போனபின் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவது ஒரு காரணம்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்றைப் பாருங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, விட்டுவிட்டார்களா? எடுத்திருந்தால் அன்றைக்கே ஈஸ்ட்ரஜன் நின்றுவிட்டது என்று பொருள். பலருக்கு இது தெரிவதே இல்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்பதோடு சரி. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சுகர் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. ஆய்வில் அது கொஞ்சம் குறைந்ததும் உண்மை. ஆனால் சுகரைத் தடுக்கவென்று அந்த மாத்திரையை யாரும் எழுதுவதில்லை, ரத்தம் உறைதல் போன்ற வேறு ஆபத்துகள் அதில் இருக்கின்றன.

சாப்பாட்டில் என்னதான் மாற்றுவது? டீயை விடச் சொல்லாதீர்கள்!

தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு டீயை விடச் சொல்வேனா? சர்க்கரையை மட்டும் எடுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு ஐந்து டம்ளர் என்றால் பத்து ஸ்பூன். அது மட்டுமே 40, 50 கிராம் சர்க்கரை. கூடவே வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமைதான், ஆனாலும் அது மைதாவும் கொழுப்பும் தானே. விருந்தாளி வந்தால் சாப்பிடுங்கள்.

ரேஷன் அரிசி ஒருவேளை இருக்கட்டும், தட்டில் அதன் அளவு குறையட்டும். அவரை, பட்டாணி, பீன்ஸ், கீரை எல்லாம் கொல்லையிலேயே கிடைப்பவை, அவை கூடட்டும். உருளைக்கிழங்கைச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாக நினைக்காமல் சாதத்தின் இடத்தில் வையுங்கள். ராகியும் சாமையும் நல்லவைதான், ஆனால் "ராகிதானே" என்று இரண்டு பெரிய உருண்டை களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பிரசவ லேகியத்தில் வெல்லம் எவ்வளவு விழுகிறது என்பதையும் கிண்டும் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் நம் உடம்புக்குத் தனிக் கணக்கு. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பெண்களுக்கு எச்சரிக்கை. பார்க்க ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்பவர்களும் இதில் அடக்கம். கொழுந்து பறிக்கும் வரை மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்பு, வேலையை விட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் பலருக்குச் சுகர் வெளியே தெரிகிறது.

இதற்கு மாத்திரை இருக்கிறதா?

அமெரிக்காவில் நீரிழிவைத் தடுக்க நடந்த பெரிய ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டை மாற்றி, வாரம் 150 நிமிடம் நடந்தவர்களுக்கு நீரிழிவு வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்தது. பொதுவாக மற்றவர்களுக்கு அந்த மாத்திரை இவ்வளவு வேலை செய்யவில்லை. ஆகவே டெஸ்டில் 140-க்கு மேல் வந்தால் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பிள்ளைக்கு முயற்சி செய்கிறோம்.

மாசமாவதற்கு முன்பே ஒரு டெஸ்ட் எடுங்கள். முதல் பிள்ளைக்கு வந்த சர்க்கரை அடுத்ததிலும் திரும்புவது சகஜம். அதைவிடக் கவனிக்கவேண்டியது, இடையில் தெரியாமல் நீரிழிவே வந்திருந்தால், கரு உருவாகும் முதல் வாரங்களிலேயே அது பிள்ளையின் இதயம், தண்டுவடத்தைப் பாதிக்கலாம். நாள் தள்ளிப்போனது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் அந்த வாரங்கள் தாண்டிவிடும்.

மாமியார் வீட்டில் சொல்லணுமா சிஸ்டர்? "எங்க வம்சத்துல இல்ல, நீ கொண்டு வந்தே" என்கிறார்கள்.

சொல்வதும் சொல்லாததும் உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. வீட்டில் எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிடுவதால், சொன்னால் சமையலை மாற்றுவது சுலபம். பேச்சு வளர்ந்தால், நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவோடு இருக்கிறார்கள், அதில் அவர்கள் வம்சமும் இருக்கும் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். மாமியாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுவது இன்னும் உத்தமம்.

பிள்ளைக்குப் பதினைந்து வயது. மாசமாக இருந்தபோது தந்த அட்டையெல்லாம் எங்கே இருக்கிறதோ தெரியாது.

பரவாயில்லை, ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக: எந்த வருடம், எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, பிள்ளையின் எடை, சுகர் அல்லது பிரஷர் என்று சொன்னார்களா, ஊசியா, மாத்திரையா, சாப்பாட்டோடு நின்றதா, எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள். அப்புறம் கலைந்த கரு, நீர்க்கட்டி, மாதவிலக்கு நின்ற வயது, கர்ப்பப்பை ஆபரேஷன். உங்களுக்கு மறந்தது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், ஊசி போட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பிக்மி எண் (மாசமானதைப் பதிவு செய்தபோது தந்த எண்) இருந்தால் அதையும் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும், ஆஸ்பத்திரியில் சுகர் டெஸ்டுக்குச் சீட்டு எழுதும் டாக்டரிடமும் அவர்கள் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை நீட்டுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், நம் மழையில் காகிதம் நிற்பதில்லை.